வசனம் என்ன லாட்டரிச் சீட்டா?

முதல்லயே சொல்லிடறேன், இது விசுவாசத்துக்கு எதிரான பதிவு இல்லை. நானும் ஞாயித்துக்கிழமை தவறாம கோயிலுக்குப் போற ஆள்தான். ஆனா ரெண்டு விஷயத்தைப் பார்த்து ரொம்ப நாளா வயித்தெரிச்சல். ஒண்ணு, புது வருஷ வாக்குத்தத்த அட்டை. இன்னொண்ணு, "ஒரே வருஷத்தில் முழு வேதாகமம்" அட்டவணை. ரெண்டும் தினசரி வேதவாசிப்பை வளர்க்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க. ரெண்டும் சேர்ந்து அதைக் கொல்லுதுங்கறது என் கட்சி.

அட்டையில இருந்து ஆரம்பிப்போம். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிஞ்சதும் ஒரு தட்டுல அட்டையை அடுக்கி வச்சிருப்பாங்க. கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணு எடுக்கணும். வர்ற வசனம்தான் உங்க வருஷத்துக்கு. அந்தத் தட்டுல எல்லாம் ஆசீர்வாதமாத்தான் இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? யோபுவோட புலம்பல் யாருக்காவது வந்திருக்கா? ஆமோஸ் தீர்க்கதரிசி பணக்காரங்களைத் திட்டினது வந்திருக்கா? வராது. ஏன்னா அதையெல்லாம் அச்சடிக்கவே மாட்டாங்க. பரிசு மட்டுமே விழற லாட்டரி இது :-)

இந்த அட்டைகள்ல சூப்பர் ஸ்டார் எரேமியா 29:11. உங்களைப் பத்தி நல்ல நினைவுகள்தான் வச்சிருக்கேன்னு கர்த்தர் சொல்ற வசனம். காலண்டர், காபி கப், கல்யாணப் பத்திரிகை, எங்க பார்த்தாலும் இருக்கும். இதுக்கு முந்தின வசனம் என்னன்னு கேட்டுப் பாருங்க, பத்துக்கு ஒன்பது பேர் முழிப்பாங்க.

அது ஒரு கடிதம், மக்களே. எருசலேம்ல இருந்து எரேமியா, பாபிலோனுக்குச் சிறைபிடிச்சுக் கொண்டுபோன ஜனங்களுக்கு எழுதினது. வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, பிள்ளைங்களுக்குக் கல்யாணம் பண்ணி வைங்க, உங்களைப் பிடிச்சுட்டுப் போன அந்த ஊரோட நன்மைக்காகவே ஜெபம் பண்ணுங்கன்னு எழுதறார். ஏன்? பத்தாவது வசனம் சொல்லுது: திரும்பி வர எழுபது வருஷம் ஆகும். அதாவது கடிதத்தை வாசிச்ச பெரியவங்கள்ல அநேகம் பேர் அங்கேயேதான் சாவாங்க.

இன்னும் கொஞ்சம் பின்னாடி போங்க. 28-ம் அதிகாரத்துல அனனியான்னு ஒருத்தன் வர்றான். "ரெண்டே வருஷம், எல்லாம் திரும்ப வந்துரும்"னு ஆலயத்துல நின்னு சொல்றான். ஜனங்களுக்கு இனிப்பா இருந்திருக்கும். அவன் கள்ளத் தீர்க்கதரிசி, அந்த வருஷமே செத்துப்போறான். அவனோட ரெண்டு வருஷத்துக்கு எதிராத்தான் எரேமியா எழுபது வருஷம்னு எழுதறார். இப்ப சொல்லுங்க, பத்தாவது வசனத்தை வெட்டிட்டு பதினொண்ணை மட்டும் அட்டையில போட்டு "இந்த வருஷம் உனக்கு"ன்னு கொடுக்கறோமே, நாம யார் பக்கம் நிக்கறோம்? எரேமியா பக்கமா, அனனியா பக்கமா?

இது வெறும் படிப்பாளிச் சண்டை இல்லை. எனக்குத் தெரிஞ்ச தம்பி ஒருத்தனுக்கு இதே வசனம் விழுந்துச்சு. ஆறு மாசத்துல வேலை போச்சு. "கடவுள் பொய் சொல்லிட்டாருண்ணே"ன்னான். அதுக்கப்புறம் அவன் பைபிளைத் தொடலை. தம்பி, கடவுள் உனக்கு அப்படிச் சொல்லவே இல்லையேப்பா, அட்டை அடிச்சவங்க இல்ல சொன்னாங்க! அந்த அதிகாரத்தை முழுசா வாசிச்சிருந்தா, வேலை போன வீட்டுல உட்கார்ந்து வாசிக்கறதுக்குன்னே எழுதின மாதிரி இருந்திருக்கும் அவனுக்கு.

சரி, அட்டவணைக்கு வருவோம். நம்ம பைபிள்ல 66 புத்தகம், 1189 அதிகாரம். வாரநாள்ல மூணு, ஞாயித்துக்கிழமை அஞ்சுன்னு வாசிச்சா வருஷத்துல முடிஞ்சிரும். கணக்கு சரிதான். நடக்கறது என்ன? ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, ஜோரா ஓடும். ஜனவரி கடைசியில லேவியராகமம் வந்து நிக்கும். பலி முறை, குஷ்டரோகச் சட்டம். ஒரு நாள் விடும். மறுநாள் ஆறு அதிகாரம் பாக்கி. ஒரு வாரம் விட்டா இருபத்து மூணு. பிப்ரவரியில பாதிப் பேர் படுத்துருவாங்க. மீதிப் பேர் கண்ணை ஓட்டிட்டு டிக் அடிப்பாங்க. பரிதானம்னா லஞ்சம், இச்சகம்னா முகஸ்துதி. இதுகூடத் தெரியாம ஏழு தடவை முழு பைபிளை முடிச்சேன்னு சாட்சி சொல்றவங்களை நான் பார்த்திருக்கேன். லஞ்சம் கொடுத்துட்டு வந்து சாட்சி சொன்னவங்களையும் பார்த்திருக்கேன்.

இதுல வேடிக்கை என்னன்னா, உலகம் பூரா பிரபலமான அட்டவணை ஒண்ணு, ஸ்காட்லாந்துல டண்டீ ஊர்ல போதகரா இருந்த ராபர்ட் மர்ரே மெக்செய்ன் 1842-ல தன் சபைக்காகப் போட்டது. தினம் சுமார் நாலு அதிகாரம். அதைக் கொடுக்கும்போதே அவர் அபாயங்களையும் எழுதி வச்சார்: வெறும் சடங்காயிடலாம், முடிச்சுட்டேங்கற சுயநீதி வரலாம், கவனமில்லாம வாசிக்கலாம், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாயிடலாம். நாம அட்டவணையை மட்டும் எடுத்துக்கிட்டு எச்சரிக்கையை விட்டுட்டோம்.

இன்னொண்ணு. அதிகாரங்கறதே வேதத்தோட பிறந்தது இல்லை. இன்னிக்கு இருக்கற அதிகாரப் பிரிவு 13-ம் நூற்றாண்டு ஆரம்பத்துல ஸ்டீபன் லாங்டன் செஞ்சதுன்னு சொல்லுவாங்க. புதிய ஏற்பாட்டுல இப்ப இருக்கற வசன எண்களைப் போட்டது ராபர்ட் எஸ்தியேன்ங்கற அச்சுக்காரர், 1551-ல. தேடி எடுக்கறதுக்காகப் போட்ட அடையாளம் அது. அதை வச்சு ஒருத்தர் பக்தியை அளக்கறது, வீட்டுக் கதவு எண்ணை வச்சு சொந்தக்காரங்க பாசத்தை அளக்கற மாதிரி.

"அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க?" கேளுங்க, சொல்றேன்.

ஒரு புத்தகத்தை எடுங்க. மாற்கு நல்லது, 16 அதிகாரம்தான். தினம் ஒரு சம்பவம் போதும், பத்துப் பதினைஞ்சு வசனம். யார் யார்கிட்ட பேசறாங்க, இதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, எந்த இடம் உறுத்துது? மூணே கேள்வி. பழைய நோட்டுல ஒரு வரி எழுதுங்க. புரியாத வார்த்தைக்குக் கீழ பென்சில் கோடு. ஏற்கனவே விடாம செய்யற வேலை ஒண்ணோட இதை முடிச்சுப் போடுங்க. காலைக் காப்பி குடிச்ச கையோடன்னு வச்சுக்கங்க. ஒரு நாள் விட்டுப்போச்சா, விட்ட இடத்துல இருந்து தொடருங்க. பாக்கிக் கணக்கே கிடையாது.

21 நாள்ல எந்தப் பழக்கமும் வந்துரும்னு சொல்றதை நம்பாதீங்க. லண்டன்ல ஃபிலிப்பா லாலியும் கூட இருந்தவங்களும் 96 பேரை வச்சு செஞ்ச ஆய்வு 2009-ல வெளிவந்துச்சு. ஒரு செயல் பழக்கமா ஊற சராசரி 66 நாள். சிலருக்கு 18, சிலருக்கு 254-ன்னு வந்துச்சு. அதுல எனக்குப் பிடிச்ச விஷயம், நடுவுல ஒரு நாள் விட்டதால பெரிசா ஒண்ணும் கெட்டுப்போகலைங்கறது. (66 புத்தகம், 66 நாள்னு யாரும் நோட்டீஸ் அடிச்சுராதீங்க, புண்ணியமாப் போகும்.)

"ஒரு வசனமாவது வாசிக்கறாங்களே, அதையும் கெடுக்கறியே"ன்னு ஒரு அண்ணாச்சி வருவார். அண்ணாச்சி, அது வாசிக்கறது இல்லை, பொறுக்கறது. அப்பா எழுதின கடிதத்துல "பணம் அனுப்பறேன்"ங்கற வரியை மட்டும் கத்தரிச்சு பர்ஸ்ல வச்சுக்கற பிள்ளையைப் பாசக்காரன்னு சொல்லுவீங்களா?

"முழு பைபிளையும் வாசிக்க வேண்டாமா?" கண்டிப்பா வேணும். லேவியராகமமும் வேணும். பிறனை நேசிங்கற கட்டளை அதுல 19-ம் அதிகாரத்துலதான் இருக்கு, டிக் அடிச்ச வேகத்துல எத்தனை பேர் பார்த்தாங்களோ. தினம் ஒரு அதிகாரம்னாலே மூணேகால் வருஷத்துல முழுசும் முடிஞ்சிரும். என் வழியில பத்து வருஷம் ஆனாலும் ஆகட்டும். யார் துரத்தறாங்க?

சபைப் பெரியவங்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். அடுத்த வருஷம் அட்டைக்குப் பதிலா எல்லாருக்கும் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்க. செலவு கொஞ்சம் கூடத்தான் ஆகும். பிப்ரவரியிலயும் அதைத் திறப்பாங்க.