முட்டை வண்டி எங்கே நிற்கும்?

இந்த வாரம் என்னைக் கடுப்பேற்றியது ஒரு முட்டை. கோழி முட்டை விலையைப் பற்றிப் புலம்பப் போகிறேன் என்று நினைக்க வேண்டாம், அது போன மாதமே முடிந்துவிட்டது. இது மின்சார முட்டை. ஏதோ ஒரு வெளிநாட்டு மோட்டார் கண்காட்சியில் சுழல்மேடை மீது ஏற்றிச் சுற்றிக் காட்டியிருக்கிறார்கள். உடம்பு முழுக்கக் கண்ணாடி. உள்ளே தாராளமாக ஒன்றரை ஆள் உட்காரலாம். கதவு மேல்பக்கமாகத் திறக்கிறது, அது ஏன் என்று யாரும் சொல்லவில்லை. நெரிசல் மிகுந்த நகரங்களுக்கான நாளைய வாகனம் என்று கீழே எழுத்து ஓடுகிறது. தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் எனக்கு அதை வாட்ஸப்பில் அனுப்பித் தீர்த்துவிட்டார்கள்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் பழைய வியாதி தெரியும். அடுக்குமாடி விளம்பரங்களில் வரையப்படும் மரங்களை ஒரு வாரம் முழுக்கத் திட்டியவன் நான். அதே வியாதிதான் இங்கேயும். நெரிசலுக்கென்றே செய்த வண்டியைப் படம் பிடிக்கும்போது, தெருவில் ஏன் ஒரு ஈ காக்கை இல்லை? அந்த ஊர்களில் மழையே பெய்வதில்லை. ஓட்டுகிறவருக்கு எப்போதும் இருபத்தெட்டு வயது. அவர் கையில் ஒரு காய்கறிப் பை கிடையாது, தண்ணீர் கேன் கிடையாது, முட்டிவலிக்காரரான மாமனாரும் கிடையாது. அவருக்கு முன்னே விரிந்து கிடக்கும் அந்த நான்குவழிச் சாலையில் மாட்டு வண்டியில் போனாலும் சீக்கிரம் போய்விடலாம்.

படத்தை அனுப்பியவர்களில் ஒருவர் வண்டிக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாலை நடையில் பிடித்துக்கொண்டார்.

“என்ன சார், பார்த்தீங்களா? இது வந்துட்டா டிராஃபிக்கே இருக்காதாமே?”

“வரட்டும் சார். இது எங்க நிக்கும்?”

“நிக்கிறதுக்கா சார் வண்டி வாங்குறாங்க? ஓடுறதுக்குத்தானே?”

பெரியவர், எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் சொந்தக் கார் வைத்திருக்கும் எந்த வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். மீதி இருபத்திரண்டு மணி நேரமும் அது எங்காவது நின்றுகொண்டுதான் இருக்கிறது. அதுவும் முக்கால்வாசி நேரம் நானும் நீங்களும் நடக்க வேண்டிய இடத்தில்.

முட்டை வண்டி புதுசும் இல்லை. 2010இல் ஷாங்காயில் நடந்த உலகக் கண்காட்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் சீனக் கூட்டாளியோடு சேர்ந்து இஎன்-வி என்ற பெயரில் மூன்று முட்டைகளை உருட்டிக் காட்டியது. இரண்டே சக்கரம், அவையும் முன்பின்னாக இல்லாமல் பக்கம் பக்கமாக. கவிழாமல் நிற்கும் வித்தை செக்வே கம்பெனியிடமிருந்து வந்தது. ஒன்றரை மீட்டர் நீளம், இரண்டு பேர், ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் 40 கிலோமீட்டர். சிரிப்பு, பெருமிதம், மாயம் என்று பொருள்படும் சீனப் பெயர்கள் வேறு. 2030இல் இப்படித்தான் எல்லாரும் ஊர்ந்து போவார்கள் என்று ஒரு படமும் ஓட்டினார்கள். 2030 வாசலுக்கு வந்துவிட்டது. முட்டைகளைத்தான் காணோம்.

அதற்கும் கால் நூற்றாண்டு முன்னால், கால்குலேட்டரும் வீட்டுக் கம்ப்யூட்டரும் விற்றுப் பெயர் வாங்கிய கிளைவ் சின்க்ளேர் சி5 என்ற மூன்று சக்கர மின்வண்டியை 399 பவுண்டுக்குக் கொண்டுவந்தார். தரையோடு தரையாகக் காலை நீட்டி உட்கார வேண்டும். லாரியின் சக்கரம் உங்கள் தலை உயரத்தில் சுற்றிக்கொண்டு போகும். கூரை கிடையாது. இப்படி ஒரு வண்டியை அவர் லண்டனில் அறிமுகப்படுத்தத் தேர்ந்தெடுத்த மாதம் ஜனவரி. 1985 ஜனவரியில் வந்தது, ஆகஸ்டில் உற்பத்தி நின்றது.

இந்த இடத்தில் என் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தே தீர வேண்டும். ‘ரீஇன்வென்டிங் தி ஆட்டோமொபைல்’. இதைப் பற்றி நான் முன்பே எழுதியிருக்கிறேன், மறுபடியும் எழுதுவேன். 2010இல் எம்ஐடி பதிப்பகம் வெளியிட்டது. எழுதியவர்கள் மூவர். வில்லியம் மிட்செல், லாரன்ஸ் பர்ன்ஸ், கிறிஸ்டோபர் போரோனி-பேர்டு. பின்னவர்கள் இருவரும் ஜெனரல் மோட்டார்ஸில் இருந்தவர்கள், ஷாங்காய் முட்டையின் பெற்றோர் தரப்பு. மிட்செல் வேறு ஜாதி. ஆஸ்திரேலியாவில் பிறந்த கட்டடக் கலைஞர், எம்ஐடியின் கட்டடக்கலைப் பள்ளிக்குத் தலைவராக இருந்தவர். மோட்டார்க்காரர் வண்டியைப் பற்றி எழுதினால் சக்கரத்தில் தொடங்கிச் சக்கரத்தில் முடிப்பார். கட்டடக்காரர் தரையைப் பார்க்கிறார், அது எத்தனை சதுர மீட்டர் என்று பார்க்கிறார். எனக்கு அந்தப் பார்வை பிடிக்கும். புத்தகம் வந்த அதே ஆண்டில் அவர் இறந்துபோனார்.

அந்தப் புத்தகம் நான்கு யோசனைகளின் மேல் நிற்கிறது. இன்ஜினும் பெட்ரோலும் போய் மோட்டாரும் பேட்டரியும் வரட்டும், வண்டி சுருங்கட்டும் என்பது முதலாவது. வண்டிகள் ஒன்றோடொன்று பேசட்டும் என்பது இரண்டாவது. மின்சாரக் கட்டமைப்போடு இணையட்டும் என்பது மூன்றாவது. நான்காவதுதான் எனக்குப் பிடித்தது. மின்சாரத்துக்கும் சாலைக்கும் வண்டி நிறுத்தும் இடத்துக்கும் நேரத்துக்கு நேரம் மாறுகிற ஒரு விலை வையுங்கள், வண்டிகளைப் பலர் மாற்றி மாற்றி ஓட்டட்டும் என்கிறது அது. உலகத்துக் கம்பெனிகள் எல்லாம் முதல் யோசனையை மட்டும் கிழித்தெடுத்துக்கொண்டு போய்விட்டன. காரணம் சாதாரணம். சுருங்கிய வண்டியைச் சுழல்மேடையில் ஏற்றலாம், பக்கத்தில் புடவையோ கோட்டோ போட்ட ஒருவரை நிறுத்தலாம். நிறுத்துமிடக் கட்டண விதியை எந்த மேடையில் ஏற்றுவது?

மிட்செலின் குழு யோசித்த சிட்டிகார் நிற்கும்போது மடங்கிக்கொள்ளும். ஒரு சாதாரணக் கார் நிற்கும் இடத்தில் மூன்றை அடைக்கலாம். ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் அதை ஹிரிகோ என்ற பெயரில் நிஜமாகவே செய்யப் பார்த்தார்கள். 2012 ஜனவரியில் பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர் முன்னிலையில் அறிமுகமானது. அடுத்த ஆண்டே அந்த முயற்சி படுத்துவிட்டது.

நம் பக்கத்திலும் ஒரு கதை உண்டு. பெங்களூரில் செய்த ரேவா, 2001இல் சந்தைக்கு வந்த குட்டி மின்கார். அதன் முகத்தைப் பார்த்து யாரும் மயங்கியதாகத் தெரியவில்லை. ஆனால் லண்டனில் அதுவே ஜி-விஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு ஓடியது. ஏன்? 2003இல் லண்டன் தன் நடுப்பகுதிக்குள் நுழையும் கார்களுக்கு நெரிசல் கட்டணம் போட்டது. மின்சார வண்டிக்கு அப்போது அதிலிருந்து விலக்கு இருந்தது. நகரின் நடுவில் சில பகுதிகளில் நிறுத்துவதற்கும் அன்று காசில்லை. லண்டனில் கார் வைத்திருந்தவருக்கு இதன் அருமை தெரியும். ஒரு மோட்டார் பத்திரிகை 2007இல் செய்த மோதல் சோதனையில் வண்டி மோசமாகத் தோற்றது, டிவிக்காரர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அப்படியும் ஓடியது. வாங்கியவர்கள் வாங்கியது காரையா, நிறுத்தும் உரிமையையா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு.

இந்த வார முட்டையைப் பற்றி இன்னும் நான்கு வரி திட்டலாம் என்றுதான் இருந்தேன். மனசு ஆம்ஸ்டர்டாமுக்குப் போய்விட்டது. போகட்டும், அங்கேதான் இந்த விஷயத்தின் ஆதி இருக்கிறது.

1960களின் ஆம்ஸ்டர்டாம். லூட் ஸ்கிம்மெல்பெனிங்க் என்று ஒரு தொழில்முறை வடிவமைப்பாளர். ப்ரோவோ என்ற குறும்புக்கார இளைஞர் கூட்டத்தில் ஒருவர். நகரத்தைக் கார்கள் விழுங்குவதைப் பார்த்து 1965இல் அவர்கள் வெள்ளைச் சைக்கிள் திட்டத்தை அறிவித்தார்கள். சைக்கிள்களுக்கு வெள்ளையடித்துப் பூட்டாமல் தெருவில் விட்டுவிடுவது. யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டலாம், போய்ச் சேர்ந்த இடத்தில் அடுத்தவருக்காக விட்டுவிடலாம். போலீஸ் வந்து பறிமுதல் செய்தது. திருட்டுச் சைக்கிள் என்றா? இல்லை, பூட்டாத சைக்கிளைத் தெருவில் நிறுத்துவது சட்டப்படி குற்றமாம். திருடுகிறவனை விட்டுவிட்டுத் திருடச் சொல்கிறவனைப் பிடிக்கும் சாமர்த்தியம் எல்லா ஊர்ப் போலீசுக்கும் உண்டு போலிருக்கிறது.

மனிதர் சளைக்கவில்லை. நகரமன்றத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்தார். சைக்கிள் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. சரி, கார்தானே உங்களுக்குப் பிடிக்கும், ஒரு காரே தருகிறேன் என்று விட்கார் திட்டத்தை எடுத்தார். வெள்ளை வண்டி. மூன்று சக்கரம், இரண்டு பேர், பேட்டரியில் ஓட்டம், மணிக்கு 30 கிலோமீட்டர். உருண்டையாக, உயரமாக, பெரிய கண்ணாடிகளோடு, நிமிர்ந்து உட்கார்ந்து போகும்படி இருந்தது. பழைய படங்களைப் பார்த்தால் டெலிபோன் பூத் ஒன்று நடைபயிற்சிக்குக் கிளம்பியதுபோல் தோன்றும். 1974 மார்ச்சில் சுற்றுச்சூழல் பொறுப்பையும் வகித்த அமைச்சரே வந்து தொடங்கிவைத்தார்.

இன்றைய முட்டைக்காரர்கள் வண்டியின் படத்தை விட்டுவிட்டு அதன் ஏற்பாட்டைப் பார்க்க வேண்டும். வண்டி யாருக்கும் சொந்தமில்லை, கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம். நீங்கள் உறுப்பினர், உங்களிடம் ஒரு சாவி. நிலையத்துக்குப் போகிறீர்கள். வண்டிகள் வரிசையாக நின்று மின்சாரம் ஏற்றிக்கொண்டிருக்கும். அங்குள்ள கருவியில் எந்த நிலையத்துக்குப் போக வேண்டும் என்று எண்ணைத் தெரிவிக்கிறீர்கள். எங்கோ ஓர் அறையில் இருக்கும் கம்ப்யூட்டர், போய்ச் சேரும் நிலையத்தில் இடம் காலியா என்று பார்க்கும். இருந்தால்தான் வண்டியை விடுவிக்கும். யோசித்துப் பாருங்கள், ஆண்டு 1974. கையில் போன் கிடையாது, ஜிபிஎஸ் கிடையாது. கிளம்புவதற்கு முன்னாலேயே, “எங்க நிக்கும்?” என்ற கேள்விக்கு அந்த வண்டி பதில் சொல்லிவிட்டது! இத்தனை வருஷத்துச் சுழல்மேடைகளில் நான் பார்த்த எந்த முட்டைக்கும் இந்தப் புத்தி இருந்ததில்லை.

பிறகு ஏன் ஓடவில்லை? மோட்டாரையோ பேட்டரியையோ குற்றம் சொல்லிவிட்டுப் போவது சுலபம். என் கணக்கு வேறு. கடைசிவரை 35 வண்டிகள்தான். உறுப்பினர்களோ சுமார் நான்காயிரம். நிலையங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஐந்து நிலையங்கள் இருந்தால் நீங்கள் போகக்கூடிய தடங்கள் பத்து. அதே பதினைந்து நிலையங்கள் என்றால் தடங்கள் நூற்றைந்து. நிலையம் மூன்று மடங்கானால் பயன் பத்து மடங்காகிறது. குறைவாக இருக்கும்போது நேர்மாறான வேதனை. காலையில் எல்லாரும் ஒரே பக்கம் போவார்கள், அங்கே இடம் நிரம்பிவிடும். நிரம்பியதும் கம்ப்யூட்டர் கையை விரிக்கும். அங்கே நான்கு வண்டி சும்மா நிற்கும், இங்கே பத்து பேர் வண்டியில்லாமல் நிற்பார்கள். மாலையில் எல்லாம் தலைகீழ். இதற்கு மருந்து கூடுதல் நிலையங்கள். நிலையம் என்றால் தெரு நிலம். நிலம் நகராட்சியின் கையில். சொந்தக் கார்களுக்குத் தெரு நெடுக இடம் கொடுத்த ஊர், நான்காயிரம் பேர் பகிர்ந்துகொள்ளும் வண்டிக்குத் திட்டம் கேட்ட அளவு கொடுக்கவில்லை, பணமும் தரவில்லை. ஆனாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு 1986 வரை ஓட்டினார்கள். சின்க்ளேரின் ஏழு மாதத்தோடு ஒப்பிட்டால் இது தீர்க்காயுசு.

தோற்ற திட்டம் என்று இதைப் பல கட்டுரைகள் ஒரு வரியில் தாண்டிப் போகின்றன. எனக்கு அதில் கோபம் உண்டு. வண்டியும் அதை ஓட்டுகிற ஏற்பாடும் ஒழுங்காக இருந்தன. உறுப்பினர்களும் சேர்ந்தார்கள். பந்தியில் இலை போடாமல் உட்காரவைத்துவிட்டு, சாப்பிடத் தெரியவில்லை என்றால் எப்படி? கோபன்ஹேகன் நகரம் 1995இல் பொதுச் சைக்கிள் திட்டம் தொடங்கியபோது ஸ்கிம்மெல்பெனிங்கிடம் யோசனை கேட்டது. இன்று உலகில் ஊருக்கு ஊர் நிற்கும் வாடகைச் சைக்கிள்களில் அவருடைய வெள்ளைப் பெயின்ட் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

2011 நவம்பரில் அதே ஆம்ஸ்டர்டாமில் கார்2கோ என்ற கம்பெனி முந்நூறு மின்சார ஸ்மார்ட் கார்களை இறக்கியது. இரண்டு இருக்கை. உறுப்பினர் அட்டையைக் காட்டினால் கதவு திறக்கும், நிமிடக் கணக்கில் வாடகை, வேலை முடிந்ததும் விட்டுவிட்டுப் போகலாம். 1974இன் திட்டமேதான், சக்கரம் ஒன்று கூடுதல். இந்த முறை நகராட்சி தெருவில் நிறுத்த அனுமதி கொடுத்தது, சார்ஜ் ஏற்றும் கம்பங்களையும் நட்டு வைத்திருந்தது.

ஆகவே முட்டைப் படம் அனுப்பும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தயவுசெய்து எனக்கு அனுப்பாதீர்கள். உங்கள் வார்டு கவுன்சிலருக்கு அனுப்புங்கள். கூடவே, நம் தெருவில் இப்போது நான்கு சொந்தக் கார்கள் நிற்கும் இடத்தை, பலர் மாறிமாறி எடுத்து ஓட்டும் வண்டிகளுக்கு எழுதிக் கொடுக்க மாநகராட்சி தயாரா என்று கேளுங்கள். தயார் என்று பதில் வந்தால், கதவு மேலே திறந்தால் என்ன, கீழே திறந்தால் என்ன, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.