கடன் அவள் பெயரில், முடிவு யார் பெயரில்?

ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும் நம் ஊர்களில் ஒரு விந்தை நிகழ்கிறது. அதுநாள்வரை பெற்றோருக்கு மட்டும் பிள்ளையாயிருந்தவர் ஒரே நாளில் ஊருக்கே பிள்ளையாகிவிடுகிறார். தாய்மாமன், சித்தப்பா, அடுத்த தெரு வங்கி அலுவலர், திருமண மண்டபத்தில் பக்கத்து இருக்கையில் அமர்ந்தவர் என எல்லோரும் அவர் எங்கே, எதைப் படிக்க வேண்டும் என்று தீர்ப்பெழுதக் கிளம்பிவிடுகிறார்கள். இதற்கு நாம் இட்டிருக்கும் பெயர் உதவி. இது உதவியன்று, அபகரிப்பு என்பதே எமது கட்சி.

எம்மைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியே தொடங்குகிறோம். சென்ற ஆண்டு சூன் மாதம் ஒரு தாயும் தந்தையும் தம் மகளோடு எம் இல்லம் வந்தனர். மேசைமீது மூன்று இடங்களுக்கான தாள்களைப் பரப்பினார் தந்தை. ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் கணினி அறிவியல். மாவட்டத் தலைநகரின் அரசுக் கலைக் கல்லூரியில் கணிதம். உள்ளூர் மகளிர் கல்லூரியில் வணிகவியல். முக்கால் மணி நேரம் பேசினோம். கட்டணம், பேருந்து, விடுதி, வேலை, பிற்காலத்து வரன் வரை பேசினோம். காப்பி கொண்டுவந்த எம் துணைவியார்தான் அந்தப் பெண்ணைப் பார்த்து, "உனக்கு எது பிடிச்சிருக்கும்மா?" என்றார். "கணக்குதாங்க" என்றாள். அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்க எமக்குத் தோன்றவேயில்லை. இருபதாண்டுகளாக வகுப்பறையில் நிற்பவர் நாம்.

"பதினேழு வயதுக்கு என்ன தெரியும்?" என்பதே இவ்விடத்தில் வழக்கமாக வீசப்படும் கேள்வி. சரி, வயது முதிர்ந்த நமக்கு என்ன தெரியும்? நெடுஞ்சாலை விளம்பரப் பலகையில் சிரிக்கும் மாணவர்களையும் அவர்கள் தலைக்குமேல் எழுதியிருக்கும் உச்ச ஊதியத்தையும் தெரியும். அந்த உச்சம் ஒருவருக்குக் கிடைத்தது. எஞ்சியோர் நிலை என்ன? 2016 முதல் வெளியாகும் தேசியத் தரவரிசையில் பங்கேற்கும் கல்லூரிகள், உரிய காலத்தில் தேர்ச்சி பெற்றோர் எத்தனை பேர், வேலை பெற்றோர் எத்தனை பேர், மேற்படிப்புக்குச் சென்றோர் எத்தனை பேர், வேலை பெற்றோரின் இடைநிலை ஊதியம் எவ்வளவு என்ற விவரங்களை அளிக்கின்றன. வேலை பெற்ற நூறு பேரை ஊதிய வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் பெறுவதே இடைநிலை ஊதியம். பலகைக்கும் இந்த எண்ணுக்கும் உள்ள தொலைவைப் பார்த்துவிட்டு அறிவுரை சொல்வோர் நம்மில் எத்தனை பேர்?

"தரச்சான்று பெற்ற கல்லூரி" என்பது நாம் ஓயாமல் உச்சரிக்கும் மற்றொரு மந்திரம். நாக் அமைப்பு வழங்கும் தரநிலை கல்லூரி முழுமைக்கும் உரியது. தொழிற்படிப்புகளுக்கான என்.பி.ஏ. சான்றோ ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியே தரப்படுவது. ஒரே வளாகத்தில் இயந்திரவியலுக்கு அச்சான்று இருக்கலாம், நம் பிள்ளை சேரவிருக்கும் பிரிவுக்கு இல்லாமலும் இருக்கலாம். இதைக் கேட்டறிந்து சொல்வதுதான் உதவி. "பெரிய காலேஜ், கண்ணை மூடிக்கொண்டு சேர்" என்பது கண்ணை மூடச் சொல்வதேயன்றி வேறில்லை.

பொறியியல் கலந்தாய்வுக்கு வருவோம். 2006இல் இயற்றப்பட்ட சட்டத்தால் தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு நீங்கியது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கணக்கிட்டுத் தரவரிசை அமைகிறது. 2018 முதல் கலந்தாய்வு இணையவழியில் நடைபெறுகிறது. மாணவர் தம் விருப்பங்களை வரிசையாக இடுகிறார். அவரது முறை வரும்போது அந்த வரிசையில் மேலிருந்து எது காலியாயிருக்கிறதோ அது ஒதுக்கப்படுகிறது. ஆகவே, மெய்யாகவே விரும்புவதை முதலில் எழுதுவதால் எந்த நட்டமுமில்லை. அது கிடைக்காவிட்டால் அடுத்தது பார்க்கப்படும். "கிடைக்காததை மேலே போட்டால் கிடைப்பதும் போய்விடும்" என்று அச்சுறுத்தும் அறிவாளிகளுக்கு இந்த எளிய நடைமுறை கூடத் தெரிவதில்லை. பிள்ளையின் விருப்பத்தைக் கேட்பதற்கென்றே அமைந்த பட்டியல் அது. அதை நிரப்பும் பொறுப்பைக் கடவுச்சொல்லோடு சேர்த்துப் பிரௌசிங் சென்டர்க்காரரிடம் ஒப்படைத்துவிட்டுத் தேநீர் அருந்தப் போகிறோம்!

பெற்றோரை எள்ளி நகையாடுவது எம் நோக்கமன்று. நகையை அடகு வைத்து முதற்பருவக் கட்டணம் செலுத்துகிற தந்தையின் அச்சத்தை அறியாமை என்று சொல்ல எமக்கு நா எழாது. வீட்டின் வரவு இவ்வளவு, இதற்குமேல் இயலாது என்று அவர் சொல்வது நியாயமே. அதைப் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லவும் வேண்டும். ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறோம். கல்விக்கடனில் முதன்மைக் கடனாளி மாணவரே. பெற்றோர் இணைக் கடனாளி. படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டியதில்லை என்றாலும் வட்டி சேர்ந்துகொண்டேதான் இருக்கும். இருபத்திரண்டாம் வயதில் அக்கடிதம் அவள் பெயருக்கு வரும். கடன் அவள் பெயரில் என்றால், முடிவு மட்டும் மாமன் பெயரிலா?

பெண்பிள்ளை என்றால் இக்கொடுமை இரட்டிப்பாகிறது. மகனுக்குக் கோவையும் சென்னையும் தூரமாகத் தெரிவதில்லை. மகளுக்கோ நாற்பது கிலோமீட்டரும் அயல்நாடாகிவிடுகிறது. 2022 முதல் அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்கு வரும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வழங்கப்படுகிறது. அரசு கொடுக்கும் பேருந்துச் செலவைப் பெற்றுக்கொண்டு, அவள் ஏறும் பேருந்தை நாம் தீர்மானிப்பது என்ன நீதி?

அப்படியானால் உதவி என்பது யாது? இரண்டு கல்லூரிக்கும் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். விளம்பரத்தில் இருப்பவரை விடுத்து, இரண்டாமாண்டு படிக்கும் ஒருவரோடு தனியே பேசவிடுங்கள். அந்தத் துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர் என்று கேளுங்கள். மொத்தச் செலவையும் ஒரே தாளில் எழுதி நடுவில் வையுங்கள். சேர்ந்தபின் மனம் மாறினால் வழியே இல்லை என்று மிரட்டாதீர்கள்: அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்றும், விலகும் நாளைப் பொறுத்துக் கட்டணத்தைத் திருப்பித்தர வேண்டும் என்றும் 2018இலேயே பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்திருக்கிறது. இவ்வளவையும் செய்தபின் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி அமருங்கள். அவர் தவறாகவும் முடிவெடுக்கலாம். தன் முடிவின் தவற்றைத் திருத்திக்கொள்ளும் தெம்பு ஒருவருக்கு உண்டு. பிறர் திணித்த முடிவின் தவற்றுக்காகப் பிறரை வாழ்நாளெல்லாம் நொந்துகொள்ளத்தான் முடியும். அத்தகையோரை எம் வகுப்பின் கடைசி வரிசைகளில் ஆண்டுதோறும் காண்கிறோம்.

அந்தப் பெண் எங்கே சேர்ந்தாள் என்று நண்பர்கள் கேட்கலாம். கணினி அறிவியலில் சேர்த்துவிட்டார்கள். அன்று எம் துணைவியார் கேட்ட கேள்விக்கு விடை வந்தபிறகும், "கணக்கு எங்கே போகிறது, அதிலும் கணக்கு வருமே" என்று சமாதானம் சொன்னவர் வேறு யாருமல்லர், நாமேதான்.