நாக்கை வெட்டினால் பேச்சு வந்துவிடுமா?

கை விரலில் ஆபரேஷன் செய்யப் போன 4 வயதுச் சிறுமி, நாக்கில் ஆபரேஷன் முடிந்து வெளியே வந்தாள்!

கேரளாவில் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 2024-ம் ஆண்டு மே மாதம் 16-ந்தேதி நடந்த சம்பவம் இது. சிறுமியின் கையில் இருந்த 6-வது விரலை எடுக்கத்தான் பெற்றோர் சேர்த்திருந்தார்கள். தியேட்டரில் இருந்து கொண்டு வந்தபோது வாயில் பஞ்சு. கையில் விரல் அப்படியே இருந்தது!

பெற்றோர் பதறிக் கேட்ட பிறகு விரலும் அகற்றப்பட்டது. சுகாதார மந்திரி வீணா ஜார்ஜ் உத்தரவின்பேரில் டாக்டர் சஸ்பெண்டு செய்யப்பட்டார்.

சிறுமிக்கு நாக்கு ஒட்டி இருந்தது, அதைத்தான் சரிசெய்தோம் என்று டாக்டர்கள் தரப்பில் விளக்கம் கூறப்பட்டது. நாக்கில் ஒரு குறையும் இல்லையே என்றார்கள் பெற்றோர்.

சரி, அந்த விளக்கத்தை ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொள்வோம். நாக்கு ஒட்டி இருந்தால் வெட்டித்தான் ஆகவேண்டுமா?

நாக்கு ஒட்டு என்பது என்ன?

நாக்கைத் தூக்கினால் அடியில் மெல்லிய சவ்வு ஒன்று தெரியும். எல்லோருக்கும் இது உண்டு. சில குழந்தைகளுக்கு மட்டும் குட்டையாக, இறுக்கமாக, நாக்கு நுனிவரை ஒட்டி இருக்கும். அழும்போது பார்த்தால் நுனி நடுவில் பள்ளம் விழுந்து, சீட்டுக்கட்டு ஆர்ட்டின் மாதிரி தெரியும். நாக்கு உதட்டைத் தாண்டி வெளியே வராது.

பார்க்கப் பயமாக இருக்கலாம். ஆனால் இப்படி இருக்கும் குழந்தைகளில் பாதிப்பேருக்கு மேல் தாய்ப்பால் குடிப்பதில் கஷ்டமே இல்லை. இதைச் சொல்வது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். 2024 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையில், தேவையில்லாமல் வெட்டுவதைக் குறைக்கும்படி அது டாக்டர்களைக் கேட்டுக்கொண்டது.

காரணம் இருக்கிறது. அந்த நாட்டு ஆஸ்பத்திரிகளில் 1997-ல் 3,934 குழந்தைகளுக்கு நாக்கு ஒட்டு என்று எழுதினார்கள். 2012-ல் அது 32,837 ஆகிவிட்டது! குழந்தைகளின் நாக்கு திடீரென்று மாறிவிடவில்லை. தேடிப் பார்ப்பது கூடிவிட்டது. லேசர் வந்த பிறகு அது நல்ல வியாபாரமாகவும் ஆகிவிட்டது. கத்தரியைவிட லேசர் மேல் என்பதற்கு ஆதாரம் இல்லை.

பால்தான் பரீட்சை

அப்படியானால் வெட்டவே கூடாதா? அதுவும் தப்பு.

குழந்தை மார்பைப் பிடித்துப் பிடித்து நழுவுகிறது, தாய்க்குக் காம்பு வெடித்துப் புண்ணாகிறது, பிறந்து 2 வாரம் ஆகியும் பிறந்த எடைக்குத் திரும்பவில்லை. இப்படி இருந்தால் உடனே டாக்டரிடம் போகவேண்டும். முதலில் குழந்தையைப் பிடிக்கும் விதம், பால் கொடுக்கும் விதம் இரண்டையும் சரிசெய்து பார்ப்பார்கள். பாதி கஷ்டம் இதிலேயே தீர்ந்துவிடுவது உண்டு. தீராவிட்டால்தான் கத்தரி.

பச்சைக் குழந்தைக்கு இது ஒரு நிமிட வேலை. மயக்க மருந்து வேண்டாம். ஒன்றிரண்டு சொட்டு ரத்தம் வரும். உடனே தாய் பால் கொடுக்கலாம். உலகின் பல இடங்களில் 302 குழந்தைகளிடம் நடந்த 5 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். தாயின் வலி குறைந்தது தெரிந்தது. குழந்தை நன்றாகக் குடிக்கிறதா என்பதில் ஆய்வுக்கு ஆய்வு முடிவு மாறியது.

வளர்ந்த குழந்தை என்றால் பெரும்பாலும் முழு மயக்கம் கொடுக்கவேண்டும். தையலும் போடுவார்கள். அதனால் யோசித்துத்தான் செய்யவேண்டும்.

"இன்னும் பேச்சு வரலையே!"

நம் வீடுகளில் நாக்கைப் பற்றிய கவலை பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. 2 வயது ஆகியும் பேசாவிட்டால் பாட்டி நாக்கைத் தூக்கிப் பார்ப்பார். வசம்பைச் சுட்டு உரசித் தடவுவார். தேனைத் தொட்டு வைப்பார். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுப்பதே ஆபத்து.

ஒட்டு மிகவும் இறுக்கமாக இருந்தால், நாக்கு நுனியைத் தூக்கிச் சொல்லும் ல, ர போன்ற எழுத்துக்கள் சில குழந்தைகளுக்குத் தடுமாறலாம். அதற்குப் பேச்சுப் பயிற்சி இருக்கிறது. பயிற்சியிலும் தீராவிட்டால் ஆபரேஷன் பற்றிப் பேசலாம். ஆனால் பேச்சே வராமல் இருப்பதற்கு நாக்கு காரணம் அல்ல.

பேசாத குழந்தைக்கு முதலில் பார்க்கவேண்டியது காது. காதில் விழாத சொல் வாயில் எப்படி வரும்? கூப்பிட்டால் திரும்புகிறதா, முகம் பார்த்துச் சிரிக்கிறதா என்று கவனிக்கவேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் காது சோதனைக்கு வசதி உண்டு. நாக்கை வெட்டிவிட்டு, பேச்சு வரும் வரும் என்று ஒரு வருஷம் காத்திருந்தால், காது கேளாத குழந்தைக்குப் போவது அந்த ஒரு வருஷம். அது திரும்பி வராது.

கையெழுத்துப் போடும் முன்பு

வெட்டவேண்டும் என்று யாராவது சொன்னால் பெற்றோர் மூன்று கேள்வி கேட்கலாம். இதனால் குழந்தைக்கு இப்போது என்ன கஷ்டம்? வெட்டாமல் வேறு என்ன செய்து பார்த்தோம்? வெட்டினால் எது சரியாகும்?

கோழிக்கோட்டில் அந்தப் பெற்றோருக்கு இதைக் கேட்க வாய்ப்பே கிடைக்கவில்லை. மற்றவர்களுக்கு இருக்கிறது. பதில் திருப்தியாக இருந்தால் தைரியமாகக் கையெழுத்துப் போடலாம். இல்லாவிட்டால் இன்னொரு டாக்டரைப் பார்த்துவிட்டு வரலாம். பாலைக் குடித்து எடை ஏறிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அவசரம் எதுவும் இல்லை.