இனாம் வக்கீல் என்றால் இளப்பமா?

சட்டத் தன்னார்வலராக நான் உட்காரும் மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்கு ஒரு நாள் ஒரு அம்மா மகளோடு வந்தார். மகளுக்கு ஜீவனாம்ச மனு போட வேண்டும். மகளின் கம்மலை அடகு வைத்து எட்டாயிரம் ரூபாய் வக்கீல் ஃபீஸாகக் கட்டியிருந்தார். அது பாதிதான், மீதிக்கு வழியில்லை. “இதே வளாகத்தில் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கிறார்களே, தெரியாதா அம்மா?” என்றேன். “தெரியும்மா. இனாமா வர்ற வக்கீலு என்னத்தப் பேசப் போறாருன்னு எல்லாரும் சொன்னாங்க” என்றார்.

அந்த ‘எல்லாரும்’ சொல்வதைத்தான் இங்கே மறுக்க வந்தேன். டீக்கடையில், ரேஷன் வரிசையில், படித்தவர் வீட்டுக் கூடத்தில்கூட இதே பேச்சுதான்.

இலவச சட்ட உதவி பரம ஏழைக்கு மட்டும் என்கிறார்கள். தவறு. சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1987இல் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 12ஆம் பிரிவு உரிமையுள்ளவர்களை வரிசைப்படுத்துகிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், வெள்ளம் போன்ற பேரிடரில் சிக்கியவர்கள், ஆள்கடத்தலுக்கு ஆளானவர்கள். இவர்கள் யாரிடமும் ‘உன் வருமானம் என்ன’ என்று கேட்க இடமில்லை. வருமான வரம்பு இந்தப் பட்டியலுக்கு வெளியே இருப்பவர்களுக்குத்தான். மாதச் சம்பளம் வாங்கும் ஆசிரியையும் பெண் என்ற ஒரே காரணத்தால் விண்ணப்பிக்கலாம். வீட்டில் பாதிப்பேர் இந்தப் பட்டியலுக்குள் வந்துவிடுகிறார்கள் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

‘இது அரசு போடும் தர்மம்’ என்ற எண்ணமும் உடன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1976இல் அரசியலமைப்பில் 39ஏ பிரிவைச் சேர்த்ததே, பணமில்லாததால் யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது என்பதற்காக. தண்டனைக் காலத்தைவிட அதிக நாள் விசாரணைக் கைதிகளாகவே கிடந்த பீகார் சிறைவாசிகளின் ஹுசைனாரா காத்தூன் வழக்கில், 1979இல், இலவச சட்ட உதவியை அடிப்படை உரிமையின் பகுதி என்றது உச்ச நீதிமன்றம். 1986இல் அருணாசலப் பிரதேசத்தின் சுக் தாஸ் வழக்கு இன்னும் ஒரு படி மேலே போனது. அவரை வக்கீல் இல்லாமலே விசாரித்துத் தண்டித்திருந்தார்கள். அவர் வக்கீல் கேட்கவில்லையே என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. தனக்கு அப்படி ஓர் உரிமை இருப்பதே தெரியாதவர் எப்படிக் கேட்பார்? தண்டனை ரத்தானது. தர்மமாக இருந்தால், அது கிடைக்காததற்காக ஒரு தீர்ப்பே ரத்தாகுமா?

இனி, அந்த அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். இனாம் வக்கீல் ஒழுங்காக வாதாட மாட்டார் என்பது. இதில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆணைக்குழு தன் பட்டியலில் உள்ள வக்கீல்களுக்குத் தரும் தொகை குறைவு. வாய்தா மேல் வாய்தா வாங்கிவிட்டுக் கட்சிக்காரரிடம் முகம் கொடுத்துப் பேசாதவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் காசு வாங்கும் வக்கீல்களில் அப்படிப்பட்டவர்கள் இல்லையா? காசு கொடுத்த இடத்தில் வக்கீல் சரியில்லை என்றால் கொடுத்த பணமும் போய், வக்காலத்தை மாற்ற அலையவும் வேண்டும். இங்கே அப்படியில்லை. வழக்கு எப்படி நடக்கிறது என்று பார்க்கக் கண்காணிப்புக் குழு இருக்கிறது. மாவட்ட ஆணைக்குழுவின் தலைவர் முதன்மை மாவட்ட நீதிபதி. செயலாளரும் ஒரு நீதிபதிதான். அவரிடம் எழுதிக் கொடுத்து வேறு வக்கீல் கேட்கலாம். நியமிக்கப்பட்டவர் உங்களிடம் பணம் கேட்கவே கூடாது. ‘செலவுக்கு’ என்று கேட்டாலும் அது புகாருக்குரியது. நீதிமன்றக் கட்டணம், சான்றிட்ட நகல் போன்ற செலவுகளும் சட்ட உதவிக்குள் அடங்கும்.

குற்ற வழக்குகளில் நிலைமை இன்னும் மாறியிருக்கிறது. சட்ட உதவிக்கென்றே முழுநேர வக்கீல்களை அமர்த்தும் திட்டம் 2022 முதல் விரிவாகி வருகிறது. அவர்கள் வெளியே தனியார் வழக்குகளை எடுத்து நடத்தக் கூடாது. தலைமைப் பொறுப்புக்குக் குற்றவியல் துறையில் 10 ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். பிணை மனுவுக்கே நிலத்தை விற்கும் குடும்பங்கள் இதை முதலில் கேட்டறிய வேண்டும்.

‘அலைய விடுவார்கள், ஆயிரம் சான்றிதழ் கேட்பார்கள்’ என்பது அடுத்தது. வருமானத்துக்கு மனுதாரரின் பிரமாண வாக்குமூலமே போதும் என்று சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. நம்பாமல் இருக்கக் காரணம் இருந்தால்தான் மேலே கேட்பார்கள். எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொல்லலாம், தன்னார்வலர் எழுதித் தருவார். மாவட்டத் தலைநகருக்குப் பேருந்து ஏற வேண்டியதும் இல்லை. வட்ட நீதிமன்றத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது.

இதே ஆணைக்குழுக்கள் நடத்தும் மக்கள் நீதிமன்றம் (லோக் அதாலத்) என்றால் மிரட்டிச் சமரசம் செய்துவைக்கும் இடம் என்றும் சொல்கிறார்கள். இரு தரப்பும் சம்மதிக்காமல் அங்கே உத்தரவு போட முடியாது. ஒத்துவராவிட்டால் வழக்கு பழைய நீதிமன்றத்துக்கே திரும்பும். முடிந்துவிட்டால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். அங்கே முடிந்ததற்கு மேல்முறையீடு கிடையாது. விபத்து இழப்பீட்டில் காப்பீட்டு நிறுவனம் சொல்லும் தொகை குறைவாகப் பட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். அது உங்கள் உரிமை, யாரும் கோபித்துக்கொள்ள முடியாது.

அந்த மகளுக்கு அன்றே விண்ணப்பம் எழுதினோம். கட்டிய எட்டாயிரம் திரும்பவில்லை. உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது வழக்குக்காகக் கம்மலைக் கழற்றும் நிலை வந்தால், அடகுக்கடைக்குப் போகுமுன் 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கு அவர்களைப் பேசச் சொல்லுங்கள். அந்த அழைப்புக்கும் கட்டணம் இல்லை.