பேரைக் கேட்டதும் பெட்டி கட்டாதீர்கள்

மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. நியூ ஜெர்சியில் அக்கா வீட்டுச் சமையலறை. அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. அக்கா மகளின் கைப்பேசி அத்தான் கையிலிருந்து அக்கா கைக்கும் அங்கிருந்து என் கைக்கும் வந்தது. "படிச்சுப் பாருடா தம்பி" என்றாள் அக்கா. குரல் தழுதழுத்தது.

மருமகள் சட்டக் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். அரசுப் பல்கலைக்கழகம், கல்விக் கட்டணம் முழுக்க ஸ்காலர்ஷிப். டிசம்பர் தேர்வில் வகுப்பின் முதல் ஐந்து சதவீதத்துக்குள் வந்துவிட்டாள். அந்த ஒரு செமஸ்டர் மதிப்பெண்ணை வைத்து, இரண்டாம் ஆண்டிலிருந்து எங்களிடம் வந்து படி என்று நாடறிந்த ஒரு கல்லூரி எழுதியிருந்தது. முதல் பத்தி முழுக்க வாழ்த்து. நான் நாலாவது பத்தி வரை போனேன். இடத்தைப் பிடித்துவைக்க இரண்டு வாரத்துக்குள் முன்பணம் கட்ட வேண்டும். மாறுதலில் வருகிறவர்களுக்கு ஸ்காலர்ஷிப் கிடையாது.

"எப்பம்மா பதில் சொல்லணும்?" என்று கேட்டேன். அவள் வாயைத் திறக்கும் முன்பே அக்கா முந்திக்கொண்டாள்: "இதுல சொல்றதுக்கு என்னடா இருக்கு?" பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்லியாகிவிட்டதாம்.

அக்காவின் இந்தக் கேள்வியைத்தான் எதிர்த்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெரிய பேர் உள்ள கல்லூரி கூப்பிட்டால் போய்விட வேண்டும், சீக்கிரமே கூப்பிட்டால் அது அதிர்ஷ்டம், யோசிப்பவன் முட்டாள். அமெரிக்காவில் வாழும் நம்மவர் வீடுகளில் இது வேதவாக்கு. நம்மவர்கள் மட்டுமல்ல, அங்கே சட்டம் படிக்கும் பிள்ளைகளில் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இது தவறு. பிள்ளைகளின் பத்து வருட வாழ்க்கையை அடகு வைக்கும் தவறு.

கூப்பிடுகிற கல்லூரிக்கு இதில் என்ன லாபம் என்று யாரும் கேட்பதில்லை. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளின் தலையெழுத்தைப் பல ஆண்டுகளாக யு.எஸ். நியூஸ் தரவரிசை எழுதிவருகிறது. அந்தப் பட்டியலில் எல்சாட் நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணும் இளங்கலை மதிப்பெண்ணும் கணக்கில் வரும். யாருடைய மதிப்பெண்? முதலாண்டில் நுழைகிறவர்களுடையது மட்டும். இரண்டாம் ஆண்டில் மாறுதலில் வருகிறவர்கள் அந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். ஆக, முதலாண்டு வகுப்பைச் சிறியதாக, மதிப்பெண் உயர்ந்ததாக வைத்துக்கொள்ளலாம். முதலாண்டில் வருகிறவர்களை இழுக்க ஸ்காலர்ஷிப்பை அள்ளிக் கொடுக்கலாம். அந்தப் பணத்தை இரண்டாம் ஆண்டில் முழுக் கட்டணம் கட்டி வருகிறவர்களிடம் எடுத்துக்கொள்ளலாம். 2022 நவம்பரில் யேலும் ஹார்வர்டும் அந்தத் தரவரிசையை விட்டு விலகின. அடுத்த ஆண்டு யு.எஸ். நியூஸ் நுழைவு மதிப்பெண்களின் எடையை வெகுவாகக் குறைத்தது. ஆனாலும் மாறுதல் கதவு மூடவில்லை, ஏனென்றால் பணக் கணக்கு அப்படியேதான் இருக்கிறது. வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் சட்டக் கல்லூரி நூறு பேர் அளவுக்கு மாறுதலில் எடுத்த ஆண்டுகள் உண்டு. முதல் செமஸ்டர் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து முன்கூட்டியே இடம் கொடுக்கும் வழியும் அங்கே உண்டு. இதில் மோசடி ஏதுமில்லை, எல்லாம் வெளிப்படையாக நடக்கிறது. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் 509-ஆம் விதிப்படி ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் டிசம்பரில் அறிக்கை வெளியிட வேண்டும். எத்தனை பேர் மாறி வந்தார்கள், எத்தனை பேர் மாறிப் போனார்கள், எத்தனை பேருக்கு ஸ்காலர்ஷிப், எல்லாம் அதில் இருக்கும். என் அக்கா வீட்டில் அதை யாரும் திறந்து பார்த்திருக்கவில்லை. மருமகளும்கூட.

அன்று மின்கட்டண உறையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். பேரெடுத்த தனியார் சட்டக் கல்லூரிகளில் ஆண்டுக் கட்டணம் 80,000 டாலரைத் தாண்டிவிட்டது. இரண்டு ஆண்டுக்கு 1,60,000. வாடகையும் சாப்பாடும் எந்த ஊரிலும் உண்டு என்று ஒதுக்கிவைத்தேன், பெரிய நகரத்தில் அது கூடுதல் என்பதையும் கணக்கில் சேர்க்கவில்லை. எட்டரை சதவீத வட்டி, பத்தாண்டுத் தவணை. மாதம் ஏறத்தாழ 2,000 டாலர். கட்டி முடிக்கும்போது 2,40,000 டாலரை நெருங்கியிருக்கும். அவள் இன்று இருக்கும் இடத்தில் இந்த வரிக்கு நேரே பூஜ்யம்.

அத்தான் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கவர்ன்மென்ட் லோன் கெடைக்குமே" என்றார். அதுவும் பழைய கதையாகிவிட்டது. படிப்புச் செலவு முழுவதற்கும் கடன் தந்த கிராட் பிளஸ் திட்டத்தை 2025 ஜூலையில் வந்த சட்டம் முடித்துவைத்தது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு அது கிடையாது. சட்டம், மருத்துவம் போன்ற தொழிற்படிப்பு மாணவர்களுக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தத்தில் 2,00,000 டாலர், அவ்வளவுதான். மிச்சத்துக்குத் தனியார் கடன். அதற்கு யாராவது ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அந்தக் கையெழுத்தைப் போடப் போவது ஐம்பத்தெட்டு வயதில், வீட்டுக்கடன் இன்னும் முடியாத என் அத்தான்.

"பெரிய நிறுவனத்தில் சேர்ந்தால் ரெண்டே வருஷத்தில் அடைச்சிடலாம்" என்பார்கள். நியூயார்க்கின் பெரிய வழக்கறிஞர் நிறுவனங்களில் முதலாண்டுச் சம்பளம் 2,25,000 டாலர் என்பது உண்மை. ஆனால் புதிதாகப் பட்டம் பெற்றவர்களின் சம்பளத்தை வரைந்து பார்த்தால் ஒட்டகத்தின் முதுகுபோல் இரண்டு திமில் தெரியும். ஒன்று அந்த உயரத்தில், இன்னொன்று அதில் மூன்றில் ஒரு பங்கு அளவில். நடுவே பள்ளம். உயரத் திமிலுக்குப் போக மாறுதல்தான் ஏணி என்ற நம்பிக்கைக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. முன்பெல்லாம் நிறுவனங்கள் ஆகஸ்டில், இரண்டாம் ஆண்டு தொடங்கும் சமயத்தில், கல்லூரிக்கே வந்து ஆள் எடுக்கும். கோடையில் மாறிப் போனவர்கள் புதுக் கல்லூரியின் பேரில் அந்த வரிசையில் நிற்கலாம். 2018-க்குப் பிறகு ஆள் எடுக்கும் காலத்துக்கு இருந்த பொதுக் கட்டுப்பாடு போய்விட்டது. இன்று பல நிறுவனங்கள் முதலாண்டு முடிவதற்குள்ளேயே விண்ணப்பம் வாங்கத் தொடங்கிவிடுகின்றன. அவர்கள் பார்ப்பதும் அதே டிசம்பர் மதிப்பெண்ணைத்தான். எந்த மதிப்பெண் மாறுதல் ஆஃபரை வாங்கித் தந்ததோ, அதே மதிப்பெண் இருக்கிற இடத்திலிருந்தே அந்தக் கதவைத் தட்டும். முதல் ஐந்து சதவீதத்தில் இருக்கும் பெண்ணுக்கு அது திறக்காது என்று யார் சொன்னது?

மாறிப் போனால் அந்த ஐந்து சதவீதம் கூடவே வராது. பாடங்களின் கிரெடிட் மட்டும் போகும், மதிப்பெண் சராசரி போகாது. புது இடத்தில் சராசரி முதலிலிருந்து. அங்கே முதலாண்டை ஒன்றாகக் கழித்த நூற்றுக்கணக்கான பேருக்கு நடுவே, யாரையும் தெரியாமல், எந்தப் பேராசிரியருக்கும் தன்னைத் தெரியாமல் தொடங்க வேண்டும். சட்டத் தொழிலில் பேராசிரியரின் ஒரு தொலைபேசி அழைப்புக்கு என்ன மதிப்பு என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது.

அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த ரூத் பேடர் கின்ஸ்பர்க்கின் கதை எல்லோருக்கும் தெரியும், ஆனால் இந்தப் பகுதியை யாரும் பேசுவதில்லை. அவரும் மாறுதலில் போனவர்தான். ஹார்வர்டில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு, கணவருக்கு நியூயார்க்கில் வேலை கிடைத்ததால் 1958-ல் கடைசி ஆண்டுக்குக் கொலம்பியா போனார். போனது குடும்பம் ஒன்றாக இருக்க. சின்ன மகள் இருந்தாள், கணவர் புற்றுநோயிலிருந்து மீண்டிருந்தார். கடைசி ஆண்டை வெளியே முடித்தால் ஹார்வர்ட் பட்டம் தர முடியாது என்று டீன் சொல்லிவிட்டார், அப்படியும் போனார். 1959-ல் கொலம்பியாவில் வகுப்பின் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டு பட்டம் பெற்றார். அதன் பிறகு? ஹார்வர்ட், கொலம்பியா என்று இரண்டு பெரிய பேரும் கையில் இருந்தும் நியூயார்க்கில் ஒரு நிறுவனமும் வேலை தரவில்லை. பெண், அதிலும் தாய். கடைசியில் ஜெரால்ட் கந்தர் என்ற கொலம்பியாப் பேராசிரியர் நீதிபதி பால்மியேரியிடம் மல்லுக்கு நின்றார். இவரை எடுக்காவிட்டால் இனி என்னிடமிருந்து யாரையும் அனுப்ப மாட்டேன் என்றார். வேலை கிடைத்தது. அந்தப் பேராசிரியர் மாறிப்போன கல்லூரியில் கிடைத்தவர்தானே என்று யாராவது கேட்டால், ஆமாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதவைத் திறந்தது கல்லூரியின் பேரல்ல, அந்தப் பெண்ணை நேரில் அறிந்த ஒரு மனிதரின் பிடிவாதம். என் மருமகளுக்கு இன்று அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள். இந்த மாறுதலுக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதிக்கொடுத்ததே அவர்கள்தான்.

பேரைப் பற்றி இன்னொன்று: இன்றைய அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஹார்வர்டிலோ யேலிலோ படிக்காத ஒரே நீதிபதி ஏமி கோனி பேரட். நோட்ரடேமில் முழு ஸ்காலர்ஷிப்பில் படித்து, வகுப்பில் முதலாவதாக 1997-ல் வெளியே வந்தவர்.

யாருமே மாறக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பட்டம் வாங்கியவர்களுக்கு வழக்கறிஞர் வேலையே கிடைக்காத கல்லூரியில் மாட்டிக்கொண்டவர்கள் போகட்டும். சட்டப் பேராசிரியர் ஆக வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்களும் போகட்டும், அந்த உலகத்தில் பேர் பார்ப்பது கொடுமையாகத்தான் இருக்கிறது. கின்ஸ்பர்க் போல வாழ்க்கையே வேறு ஊருக்கு இழுத்தால் போகத்தான் வேண்டும். அவர்கள் எதற்காகப் போகிறோம் என்று தெரிந்து போகிறவர்கள். நான் எதிர்ப்பது காரணத்தைப் பேரிலேயே முடித்துக்கொள்கிறவர்களை.

முன்கூட்டி வரும் ஆஃபரில் இன்னொரு கேடு உண்டு, எனக்கு மிகவும் வலிப்பது அதுதான். மார்ச்சில் கடிதம் வந்ததும் பிள்ளை மனத்தால் அங்கே போய்விடுகிறது. மே மாதத்தில் லா ரிவ்யூ இதழுக்கு ஆள் எடுக்கும் எழுத்துப் போட்டி வரும், நாம்தான் இங்கே இருக்கப்போவதில்லையே என்று விட்டுவிடுகிறது. பேராசிரியரின் அறைக்குப் போவது நிற்கிறது. மூட் கோர்ட் என்ற மாதிரி நீதிமன்றக் குழுவில் சேர்வதில்லை. இரண்டாம் செமஸ்டர் தேர்வை ஏனோதானோவென்று எழுதுகிறது. சொந்த இடத்தைக் கையாலேயே காலி செய்துவிட்ட பிறகு, மாறுவதைத் தவிர வேறு வழியில்லாமல் போகிறது. இரண்டு செமஸ்டர் மதிப்பெண்ணோடு கோடையில் விண்ணப்பிக்கும் வாய்ப்பு பெரும்பாலான பெரிய கல்லூரிகளில் இருக்கிறது. ஜூனில் நன்றாக இருக்கும் ஒரு முடிவு மார்ச்சில் எடுக்காததால் கெட்டுப்போகாது.

இதையெல்லாம் அன்று அக்கா எதிரில் சொன்னேன். "நீ பொறாமைப்படுறே" என்று சொல்லவில்லை, ஆனால் காபியை வைத்துவிட்டுப் பேசாமல் உள்ளே போய்விட்டாள். மருமகள் மட்டும் உறையை மடித்து எடுத்துவைத்துக்கொண்டாள்.

முன்பணம் கட்ட வேண்டிய கடைசி நாள் இரவு பதினோரு மணிக்கு நானே கூப்பிட்டேன். அவள் குரல் தாழ்ந்திருந்தது, நூலகத்தில் இருந்தாள்.

"என்னம்மா பண்ணினே?"

"கட்டலை மாமா. அம்மாகிட்ட இன்னும் சொல்லலை. நாளைக்குக் காலைல பிராப்பர்ட்டி கிளாஸ் இருக்கு, அந்தம்மா என்னைத்தான் எழுப்பிக் கேள்வி கேப்பாங்க. படிக்கணும், வெச்சிடட்டுமா?"