கூகையை விரட்டலாமா?

கோயில் கோபுரத்திலும் பழைய பரணிலும் குடியிருக்கும் கூகையின் குரலை அபசகுனமெனக் கருதிக் கல்லெறிவோர் இன்றும் உளர். வடநாட்டில் திருமகளின் ஊர்தியெனப் போற்றப்படும் ஆந்தையே தீபாவளி நாட்களில் மாந்திரீகத்திற்குப் பலியாவது விந்தையினும் விந்தை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆந்தை வேட்டையைத் தடை செய்துள்ளது. ஆயினும், அச்சத்தைப் போக்குவது சட்டமன்று, கண்கண்ட சான்றே.

கூகை இரையை முழுதாக விழுங்கி, செரியாத மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கும். அதனை வெந்நீரில் ஊறவைத்துப் பிரித்தால் எலிகளின் மண்டையோடுகள் வெளிப்படும். ஆசிரியர்கள் இச்சோதனையை மாணவர்களைக் கொண்டே செய்வித்தல் வேண்டும். நஞ்சுண்ட எலியைத் தின்னும் கூகையும் மடியக்கூடுமாதலால், நஞ்சிடுமுன் வயலில் கழி நட்டுக் கூகைக்கு இருக்கை தருமாறு உழவர்க்கு எடுத்துரைத்தல் களப்பணியாளர் கடமையாகும். நம் விளைச்சலைக் காக்கும் கூலியில்லாக் காவலனை நாமே விரட்டுவது அறிவுடைமையாகாது.