கல்தொட்டி கூறும் சாட்சி

பழமை என்னும் ஒரு சொல்லை உச்சரித்துவிட்டால் அறிவு வாய்பொத்தி நிற்க வேண்டும் என்று எண்ணுவோர் எல்லா நாட்டிலும் எல்லாச் சமயத்திலும் உளர். “எங்கள் வழக்கம் ஆதியில் வகுக்கப்பட்டது, அன்று இருந்தவாறே இன்றும் இருக்கிறது, அதில் கை வைப்பவன் துரோகி” என்பது அவர்தம் வாதம். இவ்வாதம் எத்துணைப் பொய் என்பதை அறியப் பெரிய சாஸ்திரங்களைப் புரட்ட வேண்டுவதில்லை. இங்கிலாந்து தேசத்துப் பழைய கிராம தேவாலயத்தினுள் நிற்கும் ஞானஸ்நானத் தொட்டியின் வரலாற்றை நோக்கினாலே போதும்.

குழந்தையைக் கிறிஸ்து சமயத்திற் சேர்த்துப் பெயரிடும் சடங்குக்குரிய நீரைத் தாங்குவது அக்கல்தொட்டி. சமயத்துள் புகும் வாயில் அச்சடங்கே என்பதனால், தொட்டியையும் பெரும்பாலும் ஆலய வாயிலுக்கு அருகே நாட்டினர். பிரபுவின் மகவுக்கும் பண்ணையாளின் மகவுக்கும் ஊரில் தொட்டி ஒன்றே. கேட்பதற்கு எவ்வளவு இனிமையாயிருக்கிறது! அது நடந்த விதத்தை இனிப் பார்ப்போம்.

குளொஸ்டர்ஷயர் ஜில்லாவில், செவர்ன் ஆற்றுக்கு அருகே, டீர்ஹர்ஸ்ட் என்றோர் சிற்றூர் உண்டு. 1066இல் நார்மானியர் படையெடுத்து வருமுன்னரே எழுந்தது அவ்வூர்ப் புனித மரியாள் ஆலயம். சுருள் சுருளாய்ச் செதுக்கிய கோடுகளும் கொடிவேலையும் நிறைந்த அதன் தொட்டி 9ஆம் நூற்றாண்டினது என்று அறிஞர் கணிப்பர். ஆயிரம் ஆண்டு மாறாது காக்கப்பட்ட புனிதப் பொருளன்றோ என்று வியந்துவிட வேண்டாம். அதன் மேற்பாகம் ஒரு பண்ணை வீட்டு முற்றத்தில் சாதாரணத் தண்ணீர்த் தொட்டியாகக் கிடந்தது! 19ஆம் நூற்றாண்டில் அதை எடுத்து லாங்டன் என்னும் அயலூர் ஆலயத்தில் வைத்தனர். அடிப்பாகமோ வேறொரு தோட்டத்திற் கிடந்து அகப்பட்டது. பின்னரே இரண்டும் ஒன்றுசேர்ந்து டீர்ஹர்ஸ்ட் வந்தன. டார்செட் ஜில்லா மெல்பரி பப் ஆலயத்தின் தொட்டி இதனினும் விந்தையானது. பழைய சிலுவைத் தூண் ஒன்றின் துண்டைத் தலைகீழாய்க் கவிழ்த்துக் குடைந்து செய்தது அது. அதிலுள்ள மிருகங்கள் யாவும் இன்றும் தலைகீழாகவே நிற்கின்றன. முன்னோர் செய்ததை மாற்றலாகாது என்பாரை அம்மிருகங்களைப் பார்த்து வரச் சொல்லுங்கள்.

கல்தான் மாறிற்று, சடங்கு மாறவில்லை என்பாரோ? 1549ஆம் ஆண்டின் ஜெபநூல் குழந்தையை மும்முறை நீரில் அமிழ்த்தச் சொல்லிற்று. மூன்றே ஆண்டு கழிந்து, 1552ஆம் ஆண்டு நூலில் மும்முழுக்கு ஒரு முழுக்காயிற்று. குழந்தை பலவீனமாயின் நீர் வார்த்தலே போதும் என்றும் இருந்தது. நாளடைவில் வார்த்தலே பெருவழக்காகிவிட்டது. சாகுந்தறுவாயிலுள்ள சிசுவுக்கு மருத்துவச்சியே ஞானஸ்நானம் செய்வித்தல் நெடுங்கால வழக்கம். 1604இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் காலத்துத் திருத்தம் அவ்வுரிமையைப் பெண்கள் கையினின்று நீக்கிக் குருவுக்கே உரியதாக்கிற்று. இவற்றுள் எதனை ஆதி வழக்கம் என்பது?

அதற்கு முன்னரே, 1236இல், காண்டர்பரி அத்தியட்சர் எட்மண்ட் தொட்டிகளை மூடிப் பூட்டி வைக்கக் கட்டளையிட்டார். மந்திரித்த நீரைத் திருடிச் சூனியத்துக்குப் பயன்படுத்துவரோ என்ற அச்சமே காரணம். பூட்டுக்கு அடித்த இரும்பின் வடு பல தொட்டிகளின் விளிம்பில் இன்றும் உண்டு. நீருக்கே மாய சக்தி உண்டென்று குருமார் போதித்தனர். அதை நம்பிய ஏழை அந்நீரை எடுத்துச் செல்ல வந்தபோது கதவடைத்தனர். மூடநம்பிக்கையை ஊட்டியவர் யார்? அதன் பொருட்டுத் தண்டிக்கப்பட்டவர் யார்?

இனி மறுபக்கத்தாரையும் விடுவதற்கில்லை. 17ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தக்காரர் சம்மட்டி ஏந்தினர். 1644இல் பார்லிமெண்டு இட்ட சட்டம் தொட்டிகளையும் அகற்றச் சொல்லிற்று. அடுத்த ஆண்டு வந்த வழிபாட்டு முறை பழைய இடத்தில் ஞானஸ்நானம் கூடாதென்றது. கல்தொட்டிக்குப் பதில் ஒரு கிண்ணம் வந்தது. நார்போக், சபோக் ஜில்லாக்களில் ஏழு திருச்சடங்குகளைச் செதுக்கிய அழகிய தொட்டிகளின் உருவங்கள் முகம் சிதைந்து நிற்பதை இன்றும் காணலாம். 1660இல் அரசர் திரும்பினார்; தொட்டியும் திரும்பிற்று. சம்மட்டியால் விளைந்த பயன் யாது? கல்லின் முகத்தை உடைத்தவர்கள் ஏழையின் சுமையை உடைக்கவில்லையே!

அச்சுமையைக் கேளுங்கள். ஞானஸ்நானம் பெறாது மாண்டோருக்கு அடக்க ஆராதனை நடத்தலாகாது என்று 1662ஆம் ஆண்டு ஜெபநூல் விதித்தது. தொட்டியண்டை வருமுன் கண்மூடிய பச்சிளங் குழவி என்ன பாவம் செய்தது? பெற்றவள் வயிறு எரிய, பிரார்த்தனையின்றி மண்ணில் இடப்பட்டதே! 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு ஞானஸ்நானப் பதிவுக்கும் 3 பென்ஸ் வரி. சட்டம் பரம ஏழைக்கு மட்டும் விலக்களித்தது. குருமார் கேட்ட கட்டணம் வேறு. ஞானஸ்நானத்துக்குக் கட்டணம் கேட்கலாகாது என்ற சட்டம் 1872இல்தான் பிறந்தது. பிரிவினைச் சபையார் தம் முறைப்படி ஆலய மயானத்தில் அடக்கம் செய்ய 1880 வரை காத்திருக்க நேர்ந்தது. தானாகக் கனிந்த மனம் எதுவுமில்லை. கேட்டுக் கேட்டுப் பெற்றவை இவை.

எல்லாவற்றிலும் பெரியது ஒன்றுண்டு. இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகள், ஞானஸ்நானம் பெற்றால் விடுதலை கிட்டுமென நம்பினர். யாவரும் சகோதரர் என்று போதிக்கும் சடங்காயிற்றே! மேற்கிந்தியத் தோட்ட முதலாளிகள் நடுங்கினர். 1729இல் அரசாங்க வழக்கறிஞர்களான யார்க், டால்பட் இருவரும் அவர்களுக்கு அபயம் அளித்தனர். ஞானஸ்நானம் அடிமையை விடுவியாது என்பது அவர்கள் கூறிய அபிப்பிராயம். ஆன்மாவைக் கழுவும் நீர் காலின் விலங்கைத் தொடலாகாதாம்! என்னே தர்மம்!

ஆயினும் 1771இல் ஜேம்ஸ் சாமர்செட் என்னும் அடிமை லண்டனில் ஞானஸ்நானம் பெற்றார். அவ்வாண்டே எசமானரிடமிருந்து தப்பினார், பிடிபட்டார், ஜமேக்கா செல்லும் கப்பலில் விலங்கிடப்பட்டார். அப்பொழுது நீதிமன்றத்தை நாடியவர் எவர்? தொட்டியருகே நின்று அவருக்கு ஞானப்பெற்றோராய்ப் பொறுப்பேற்ற மூவரே. 1772 ஜூன் 22இல் மான்ஸ்பீல்டு பிரபு சாமர்செட்டை விடுவித்தார். குடியேற்ற நாடுகளின் அடிமைத்தனத்தை அத்தீர்ப்பு ஒழிக்கவில்லை. அதற்கு 1833ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. எனினும் ஒரு மனிதன் மீண்டான். அவனை மீட்டது நீரா? கல்லா? மந்திரமா? கொடுத்த வாக்கைச் சடங்கோடு மறந்துவிடாத மூன்று மனிதர் மீட்டனர்.

நாம் கூற வந்தது இவ்வளவே. ஞானஸ்நானத் தொட்டியைப் பூட்டியதால் சமயம் வாழவில்லை. உடைத்ததால் அநீதி மாளவில்லை. அதைச் சூழ நின்றோர் தம் வாக்கைக் காத்த பொழுதே அச்சடங்குக்குப் பொருள் உண்டாயிற்று. ஆகையால் மாறாத பழமை என்று எவரேனும் முழங்கினால் அன்பர்கள் சினவாது மூன்று கேள்வி கேட்பீர்களாக: இது எத்தனை முறை மாறிற்று? காசு யார் கைக்குச் சென்றது? வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் எவர்? இம்மூன்றுக்கும் நேரே விடை கூறாத பழமைக்கு நாம் தலைவணங்கக் கடமைப்பட்டவரல்லோம்.